பிடித்தம்: இல்லை

நவம்பர் இருபத்தொன்பது, இரவு பத்தேகால்.
கொட்டாஞ்சேனை மழை
மூன்றாம் மாடி ஜன்னல் கம்பிகளைத் தாண்டி
மடிக்கணினியின் விளிம்புவரை வந்துவிட்டது.
திரையில் ஒரு கட்டம் கேட்கிறது:
பிடித்துவைக்கப்பட்ட வரி எவ்வளவு?

காப்புறுதிக் கம்பனிச் சம்பளத்துக்கு விடை இருக்கிறது.
என் கைக்கு வருமுன்னே வெட்டிக் கட்டிவிடுவார்கள்.
சிட்டையில் அந்தத் தொகையைப்
பல் பிடுங்கிய இடத்தை நாக்குத் தேடுவதுபோல்
ஒருமுறை பார்த்துவிட்டு மடித்துவைப்பேன்.
போனது போனது.

மற்றது குரல் காசு.

நுகேகொடையில், முட்டைத் தட்டுகள் ஒட்டிய அறையில்,
கண்ணாடிக்கு அப்பால் துமிந்த விரல் தூக்க
நான் சொன்னவை:
"கதவுகள் மூடப்படுகின்றன."
"உங்கள் கணக்கில் போதிய மீதி இல்லை."
"பசும்பாலின் முழுச் சுவை."
பசும்பால் எனக்கு ஒத்துவராது.
ஒவ்வொன்றுக்கும் ஓர் உறை,
உறைக்குள் காசு முழுசாக,
ஒருவர் நகமும் படாமல்.

பிடித்தமில்லாத வருமானம் என்கிறது படிவம்.
எனக்கு மிகப் பிடித்த வருமானமே அதுதான்.

அந்த முழுசில்தான் தண்ணீர்த் தாங்கி,
மகனுக்கு இரண்டாவது மூக்குக்கண்ணாடி.
வரிக்கென்று பிஸ்கட் ரின்னில் ஒதுக்கிய நாலாயிரம்
ஓகஸ்டில் மடுவுக்குப் பஸ் ஏறிப் போனது.
மாதா மன்னிப்பா.
திணைக்களத்தைப் பற்றித் தெரியவில்லை.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் உதவி இலக்கத்துக்கு அழைத்தேன்.
"உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது."
அது நிரோஷினி புவிராஜ்.
அந்த ஒப்பந்தத்துக்கு நானும் குரல் கொடுத்துப் பார்த்தவள்.
'அழைப்பு' அவளுக்கு இன்னும் 'அளைப்பு'த்தான்.
பதினெட்டு நிமிடம் பொறுத்திருக்கச் சொன்னாள்.
அவளுக்கும் முழுசாகத்தானே கொடுத்திருப்பார்கள்,
இந்த நேரம் அவளும்
எங்கோ இருந்து இதே கட்டத்தைப் பார்ப்பாளா
என்று யோசித்தபடி பொறுத்திருந்தேன்.
பிறகு லைன் அறுந்தது.

துமிந்தவின் உறைகளைக் கொப்பி பார்த்து ஏற்றிவிட்டேன்.
ஏப்ரல் முதல் மார்ச் வரை பதினொன்று.
கொப்பியில் இல்லாதது ஒன்று.

லொத்தர் முகவர் தந்த ஆறாயிரம்.
நூற்றுத் தாள்கள், றப்பர் பட்டி போட்டு,
பற்றுச்சீட்டு இல்லை, கையெழுத்து இல்லை.
அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும்.
விட்டுவிடலாம்.

இன்று காலை ஜம்பட்டா வீதியில்
பாரை மீனுக்கு விலை பேசிக்கொண்டிருந்தேன்.
ஒலிபெருக்கி கட்டிய த்ரீவீல் ஒன்று
குழிக்குள் இறங்கி ஏறி வந்தது.
"நாளை சீட்டிழுப்பு! நாளை உங்கள் நாள்!"
மீன்காரர் கத்தியை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.
"அங்க கோடி கோடியா அள்ளிக் குடுக்கிறீங்க,
இங்க அம்பது ரூபா குறைக்கச் சொல்றீங்களே மிஸ்."

ஒளித்த காசு
தன் வாயாலே தெருத்தெருவாய்க் கத்திக்கொண்டு போகிறது.

வேறு வருமானம்: ஆறாயிரம்.
பிடித்தம்: சைபர்.
கூட்டுத்தொகை அசைந்து
கட்டவேண்டியது சில நூறு ரூபா ஏறியது.
தண்ணீர்த் தாங்கியின் கடைசித் தவணை தை மாதம் பார்க்கலாம்.

அடியில் உறுதிமொழி.
பழக்கதோஷம், வாய்விட்டு வாசித்தேன்:
ஜெசிந்தா மரியதாஸ் ஆகிய நான், இதில் கண்டவை யாவும்
உண்மையானவையும் முழுமையானவையும் என...
'முழுமை'யில் தொண்டை கரகரத்தது.
செருமிக்கொண்டு மறுபடி சொன்னேன்.
விரல் தூக்க யாருமில்லை.
அமுக்கினேன்.

"உங்கள் நேரம் முடிவடைந்தது. தயவுசெய்து மீண்டும் உள்நுழையவும்."

சத்தமில்லாமல், எழுத்தில் மட்டும்.
இதற்கு இன்னும் குரல் பதியவில்லைபோல.
மழையைத் துடைத்துவிட்டு
கடவுச்சொல்லை முதலிலிருந்து அடிக்கத் தொடங்கினேன்,
இந்த ஒரு வரிக்கு
எவ்வளவு கேட்கலாம் என்று கணக்குப் பார்த்தபடி.